மல மறை ரத்தப் பரிசோதனை: கோடு போடுவதற்கு முன் சார்ட்டிடம் கேட்க வேண்டியவை

அமெரிக்க மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் பெரும்பாலும் லேப் சார்ஜ்களைத்தான் முதலில் கொடுப்பார்கள். தொகை சிறியது, தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை என்ற எண்ணம்தான் காரணம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் அந்தக் குவியலில் வரும். பழைய அட்டை முறைக்கு அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் தருவது 4 டாலர் சொச்சம், புதிய முறைக்குச் சுமார் 18 டாலர். இதற்கா இவ்வளவு பாடம் என்று தோன்றும். ஆனால் கோடு (code), அதாவது பில்லில் பரிசோதனையைக் குறிக்கும் எண், மாறினால், ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியிராத நோயாளியின் வீட்டுக்கு பில் போய்ச் சேரும். அவர் கோபத்துடன் கிளினிக்கை அழைப்பார். கிளினிக் உங்களை அழைக்கும்.

ஒரே அட்டை, ஒரே திரவம், ஒரே நீல நிறம். ஆனால் அதற்கு இரண்டு கோடுகள் இருக்கின்றன. எதைப் போடுவது என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பரிசோதனை ஏன் செய்யப்பட்டது, மலம் எப்படி எடுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவில், விடை தேடிய பிறகுதான் கோடு புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

முதலில் பரிசோதனையைப் புரிந்துகொள்ளுங்கள்

கோடுகளை மனப்பாடம் செய்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள்.

பழைய முறைக்கு குவாயக் என்று பெயர். அது ஒரு மரத்தின் பிசின். அந்தப் பிசின் ஊறிய அட்டையில் மலத்தைத் தடவி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவத்தைச் சொட்டினால், ரத்தத்தில் உள்ள ஹீம் வினையைத் தூண்டி அட்டையை நீலமாக்கும். ஹீமோகல்ட் என்ற பெயரில் பலரும் அறிந்தது இதுதான். மனித ரத்தத்துக்கும் உணவில் வந்த இறைச்சியின் ரத்தத்துக்கும் இந்த அட்டைக்கு வேறுபாடு தெரியாது. அதனால்தான் சிவப்பு இறைச்சியைச் சில நாட்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். வைட்டமின் சி ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போனால், ரத்தம் இருந்தாலும் நீலம் வராமல் போகலாம். நோயாளி வீட்டில் மூன்று தனித்தனி முறை மலம் கழிக்கும்போது, ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்திலிருந்து எடுத்துத் தடவ வேண்டும்.

புதிய முறை ஃபிட் (FIT). மனித ஹீமோகுளோபினின் குளோபின் புரதத்தை ஆன்டிபாடி கொண்டு கண்டுபிடிக்கிறது. உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை, பல கிட்களில் ஒரு முறை எடுத்த மாதிரியே போதும். இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் பெரும்பாலும் செரித்துவிடும். ஆகவே ஃபிட் முக்கியமாகப் பெருங்குடலைப் பற்றித்தான் பேசும். அல்சர் சந்தேகம் என்று எழுதியிருக்கும் சார்ட்டில் ஃபிட் ஆர்டரைப் பார்த்தால் ஒரு கணம் நில்லுங்கள்; காரணம் வேறு எங்காவது எழுதப்பட்டிருக்கலாம்.

மூன்றாவதாக, ஃபிட்டுடன் டிஎன்ஏ குறிகளையும் சேர்த்துப் பார்க்கும் கோலோகார்ட். அதன் கோடு 81528. நோயாளி பெட்டியை நேரே அந்த நிறுவனத்தின் லேபுக்கு அனுப்புகிறார், லேப்தான் பில் செய்கிறது. உங்கள் கிளினிக்கின் சார்ஜ் ஷீட்டில் 81528 வந்திருந்தால் அது தவறாக வந்தது.

படி 1: ஏன் செய்தார்கள்?

நோயாளிக்கு எந்த அறிகுறியும் இல்லை, வயது வந்துவிட்டது, புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிறார்கள் என்றால் அது ஸ்கிரீனிங். ரத்தசோகை, கறுப்பு மலம், காரணம் தெரியாத எடைக் குறைவு என ஏதோ ஒன்றைத் துரத்திக்கொண்டு செய்தால் அது டயக்னாஸ்டிக். இதைத் தீர்மானிப்பது முடிவு அல்ல, ஆர்டர் எழுதப்பட்ட நேரத்தில் இருந்த காரணம். ஸ்கிரீனிங்குக்குச் செய்த பரிசோதனை பாசிட்டிவ் ஆனதால் அது டயக்னாஸ்டிக் ஆகிவிடாது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

சார்ட்டில் தேட வேண்டிய இடம் ஆர்டரும், அன்றைய குறிப்பில் நோயாளி சொன்ன குறைகள் பகுதியும். ஸ்கிரீனிங் என்றால் மெடிகேர் சிகிச்சை தரும் மருத்துவரின் எழுத்துபூர்வ ஆர்டரை எதிர்பார்க்கிறது. ஃபிசிஷியன் அசிஸ்டன்ட், நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் ஆகியோரின் ஆர்டரும் செல்லும்.

காரணம் இரண்டும் கலந்து எழுதப்பட்டிருந்தால் ஊகிக்காதீர்கள். கேள்வி எழுதி மருத்துவருக்கு அனுப்புங்கள். "ஸ்கிரீனிங் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்பது தவறு. "இந்தப் பரிசோதனைக்கான காரணம் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை உங்கள் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்பினால் தணிக்கையில் அது உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

படி 2: மலம் எப்படிக் கிடைத்தது?

ஒரு சார்ட்டைப் பார்ப்போம். 58 வயதுப் பெண், ஆண்டுப் பரிசோதனைக்கு வந்திருக்கிறார், குறை எதுவும் இல்லை. மருத்துவர் எழுதியிருப்பது: "ஆசனவாய்ப் பரிசோதனை: கட்டி இல்லை. கையுறையில் வந்த மலம், குவாயக் நெகடிவ்." சார்ஜ் ஷீட்டில் 82270-க்கு எதிரே டிக்.

82270 போடலாமா? முடியாது. அந்தக் கோடின் விளக்கத்திலேயே, நோயாளிக்கு மூன்று அட்டைகளோ மூன்று பகுதி கொண்ட ஒரே அட்டையோ கொடுக்கப்பட்டு, அவர் அடுத்தடுத்துச் சேகரித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. 82272 போடலாமா? அதுவும் முடியாது, அது ஸ்கிரீனிங் அல்லாத காரணங்களுக்கான கோடு, இவருக்கோ அறிகுறி ஏதும் இல்லை. அப்படியானால் இந்த வரிக்குப் பில் இல்லை. அவ்வளவுதான்.

மருத்துவர் ஒப்புக்கொள்ள மாட்டார், "செய்தேன் அல்லவா?" என்பார். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், முற்றிய நிலைக் கட்டி உள்ளவர்களில் விரல் பரிசோதனையில் எடுத்த ஒற்றை மாதிரி கண்டுபிடித்தது 4.9 சதவீதம் பேரை மட்டுமே. வீட்டில் எடுத்த ஆறு மாதிரிகள் கண்டுபிடித்தது 23.9 சதவீதம் பேரை. காப்பீட்டுத் திட்டங்களின் தரத்தை மதிப்பிடும் ஹெடிஸ் அளவீட்டிலும் விரல் பரிசோதனை மாதிரியை ஸ்கிரீனிங்காகக் கணக்கில் எடுப்பதில்லை. பணமும் வராது, தர மதிப்பெண்ணும் ஏறாது, நோயாளிக்கோ "எனக்குப் பார்த்துவிட்டார்கள்" என்ற பொய் நிம்மதி. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் பெரிய கேடு.

இதே நோயாளி ஒரு வாரமாக மலம் கறுப்பாகப் போகிறது என்று சொல்லியிருந்தால், அதே கையுறை, அதே அட்டை, கோடு 82272. மூன்று மாதிரி பார்த்தாலும் ஒன்று பார்த்தாலும் அது ஒரே யூனிட்தான்.

படி 3: கோடு

குவாயக், வீட்டில் சேகரித்தது, ஸ்கிரீனிங்: 82270. குவாயக், அறிகுறிக்காக: 82272. வாந்தி அல்லது இரைப்பைத் திரவம்போல மலம் அல்லாத மாதிரி: 82271. ஃபிட் என்றால் 82274. ஆனால் மெடிகேர் நோயாளிக்கு ஸ்கிரீனிங்காக ஃபிட் செய்தால் ஜி0328. மெடிகேரில் ஸ்கிரீனிங்குக்கு 82274 அனுப்பினால் வராது. தனியார் காப்பீட்டில் பெரும்பாலும் 82274 அனுப்பலாம்.

மூன்று அட்டை என்பதால் 82270-க்கு மூன்று யூனிட் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்துதான் ஒரு யூனிட். பழைய கிளினிக்குகளின் அச்சிட்ட சார்ஜ் ஷீட்டில் ஜி0107 என்று ஒரு கோடு இன்னும் உட்கார்ந்திருக்கும். அது 2007 தொடங்கியபோதே வழக்கொழிந்து, இடத்தை 82270 எடுத்துக்கொண்டது. ஷீட்டைத் திருத்தச் சொல்லுங்கள்.

கோடின் பின்னால் சேர்க்கும் கூடுதல் குறிகளான மாடிஃபையர்களில் முக்கியமானது க்யூடபிள்யூ. எளிய பரிசோதனைகளுக்கு மட்டும் அனுமதி தரும் வெயிவர் சான்றிதழ் உள்ள சிறிய கிளினிக் லேபில் செய்தால் 82274-க்கும் ஜி0328-க்கும் அது வேண்டும். 82270-க்கும் 82272-க்கும் வேண்டியதில்லை. தனியார் காப்பீட்டில் 82274 இரு காரணங்களுக்கும் பொதுவான கோடு என்பதால், ஸ்கிரீனிங் என்று காட்ட மாடிஃபையர் 33 உதவும். 82270 தன் விளக்கத்திலேயே ஸ்கிரீனிங் என்று சொல்லிவிடுகிறது.

படி 4: நோய்க் குறியீடு

ஸ்கிரீனிங்குக்கு இசட்12.11. டயக்னாஸ்டிக்குக்கு, சார்ட்டில் எழுதப்பட்டிருக்கும் அறிகுறி: கறுப்பு மலத்துக்கு கே92.1, ஆசனவாய் ரத்தப்போக்குக்கு கே62.5, நீண்டநாள் ரத்த இழப்பால் வந்த இரும்புச்சத்துக் குறை ரத்தசோகைக்கு டி50.0. மருத்துவர் வெறும் இரும்புச்சத்துக் குறை ரத்தசோகை என்று மட்டும் எழுதியிருந்தால் டி50.9. ரத்த இழப்பு என்று அவர் எழுதாதவரை நீங்களாக டி50.0-க்குத் தாவக் கூடாது.

82272-உடன் இசட்12.11 சேர்ந்து போனால் டினையல், அதாவது பணம் தர மறுப்பு, உறுதி. கோடு "ஸ்கிரீனிங் அல்ல" என்கிறது, குறியீடு "ஸ்கிரீனிங்" என்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. கண்ணுக்கே ரத்தம் தெரியும் நோயாளிக்கு மறை ரத்தம் தேடுவதும், இரும்புச்சத்துக் குறை உறுதியான ஒருவருக்கு அட்டை நெகடிவ் என்று எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவதும் சார்ட்களில் அடிக்கடி கண்ணில் படும். பில்லிங் ஆளுக்கு அதில் பேச இடமில்லை. ஆனால் மெடிகேர் இந்தப் பரிசோதனையை ஏற்கும் காரணங்களைத் தேசிய விதி 190.34-இல் எழுதி வைத்திருக்கிறது. அதை ஒருமுறை படித்துவிட்டால், எந்தச் சார்ட் பணம் தரும், எது தராது என்பது பழகிவிடும்.

படி 5: தேதியும் இடைவெளியும்

கிட்டைக் கொடுத்த அன்று பில் செய்யக் கூடாது. கிட் திரும்பி வந்து, பரிசோதனை நடந்து, முடிவு பதிவான பிறகுதான். திரும்பாத கிட்டுக்கு எதுவும் இல்லை. சேவைத் தேதி என்பது மாதிரி எடுத்த தேதி. சேகரிப்பு ஒரு நாளைத் தாண்டி நீண்டால் அது முடிந்த தேதி. லேபில் அட்டையைப் பிரித்த தேதியைப் போட்டுவிடுவது வழக்கமான பிழை. அட்டையின் உறையில் நோயாளியே தேதி எழுதியிருப்பார், அதைப் பாருங்கள்.

மெடிகேர் 45 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கிரீனிங்கை ஏற்கிறது. 2023 ஜனவரிக்கு முன்பு அது 50. 82270, ஜி0328 இரண்டில் ஏதாவது ஒன்றுதான், இரண்டும் இல்லை. ஆண்டு என்பதைக் கணக்கிடும் முறை கொஞ்சம் வேறு: பரிசோதனை நடந்த மாதத்தை விட்டுவிட்டு, அதன்பின் 11 முழு மாதங்கள் கழிய வேண்டும். 2024 மார்ச் 28-இல் செய்தால், ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை 11 மாதம். மார்ச் 1-ஆம் தேதியே அடுத்ததைச் செய்யலாம், 28 வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேறு கிளினிக்கில் செய்திருந்தாலும் கணக்கில் வரும் என்பதால், நோயாளியின் காப்பீட்டுத் தகுதியை (எலிஜிபிலிட்டி) பார்க்கும்போது அடுத்த தகுதித் தேதியையும் பாருங்கள்.

இடைவெளி முடியவில்லை, ஆனாலும் நோயாளிக்கு வேண்டும் என்றால் கிட் கொடுக்கும்போதே ஏபிஎன் படிவத்தில், அதாவது மெடிகேர் தராவிட்டால் தானே கட்டுவதாக நோயாளி ஒப்புக்கொள்ளும் படிவத்தில், கையெழுத்து வாங்கி, காப்பீட்டுக்கு அனுப்பும் கிளெய்மில் அதைக் காட்டும் ஜிஏ மாடிஃபையரைச் சேர்க்க வேண்டும். பரிசோதனை முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

தனியார் காப்பீட்டில் 45 முதல் 75 வயது வரை ஸ்கிரீனிங்குக்கு நோயாளியிடமிருந்து பங்கு வாங்கக் கூடாது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021 மே மாதம் 45 முதல் 49 வயதினருக்கும் ஸ்கிரீனிங்கைப் பரிந்துரைத்து பி தரம் கொடுத்ததால் வந்த விரிவு இது. மெடிகேரிலும் இந்த லேப் கோடுகளுக்கு டிடக்டபிளோ (காப்பீடு தரத் தொடங்குமுன் நோயாளி கட்டும் தொகை) கோஇன்ஷூரன்ஸோ (அதன்பின் அவர் கட்டும் சதவீதப் பங்கு) இல்லை.

படி 6: கிளெய்ம்

சிஎம்எஸ் 1500 படிவத்தில் நான்கு இடங்கள். 17-இல் ஆர்டர் கொடுத்தவர் பெயர், அருகில் அவருடைய என்பிஐ என்ற அடையாள எண். 21-இல் நோய்க் குறியீடு. 23-இல் கிளியா எண், அதாவது லேபின் சான்றிதழ் எண். 24இ-இல் அந்த வரியைச் சரியான குறியீட்டுடன் இணைக்கும் எழுத்து. அதே வருகையில் நோயாளிக்கு ரத்த அழுத்தமும் பார்த்திருந்தால், லேப் வரி ரத்த அழுத்தக் குறியீட்டுடன் இணைந்து போய்விடும், சாஃப்ட்வேர் முதல் எழுத்தைத் தானே போட்டுவிடுவதால். இதைச் சரிபார்க்க ஐந்து விநாடி போதும்.

வெளி லேபில் செய்திருந்தால் மெடிகேரில் அந்த லேப்தான் பில் செய்ய வேண்டும். கிட்டைக் கையில் கொடுத்ததற்குக் கட்டணம் கிடையாது.

படி 7: டினையல் வந்தால்

மறுப்புக்கான காரணம் குறியீடாகத்தான் வரும். சிஓ 16-உடன் எம்ஏ 120 வந்தால் கிளியா எண் இல்லை அல்லது தவறு. பி7 வந்தால் அந்தத் தேதியில் அந்தப் பரிசோதனைக்குச் சான்று இல்லை என்று அர்த்தம்: சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், அல்லது க்யூடபிள்யூ விடுபட்டிருக்கும். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கிளினிக் புதுப்பித்துவிட்டு உங்களிடம் சொல்ல மறந்திருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். சிஓ 11 என்றால் கோடும் நோய்க் குறியீடும் ஒத்துப்போகவில்லை. முதல் படிக்குத் திரும்பிப் போங்கள். 119 என்றால் இடைவெளி முடியவில்லை. சிஓ 50 என்றால் மருத்துவத் தேவை காட்டப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் அப்பீல் எழுத உட்காராதீர்கள். எம்ஏ 130 கூடவே வந்திருந்தால் அந்தக் கிளெய்ம் பரிசீலிக்கப்படவே இல்லை, அப்பீல் உரிமையும் இல்லை. திருத்திப் புதிதாக அனுப்ப வேண்டும். மெடிகேரில் சேவைத் தேதியிலிருந்து ஓராண்டு அவகாசம். எழுத்துப் பிழை மட்டும் என்றால் முடிந்த கிளெய்மை மறுபடி திறந்து திருத்தும் ரீஓப்பனிங் கேட்கலாம். உண்மையிலேயே வாதம் இருந்தால் முதல் நிலை அப்பீலுக்கு 120 நாட்கள். ஆர்டரையும் அன்றைய குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள். காரணத்தைக் காட்டும் ஒரு வரி குறிப்பில் இல்லாவிட்டால் அப்பீலில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 8: பாசிட்டிவ் வந்த பிறகு

பாசிட்டிவ் முடிவுக்கான குறியீடு ஆர்19.5. அடுத்து நடக்க வேண்டியது பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி. அட்டையை மறுபடி செய்து பார்ப்பதால் பயனில்லை. பாசிட்டிவ் ஃபிட்டுக்குப் பிறகு 10 மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களிடம் புற்றுநோய் அதிகம் காணப்பட்டதாக 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பாசிட்டிவ் முடிவு பதிவாகியும் ரெஃபரல் இல்லாத சார்ட் கண்ணில் பட்டால் கிளினிக்குக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் வேலை விவரத்தில் அது இருக்காது, பரவாயில்லை.

இந்தக் கொலோனோஸ்கோப்பியை டயக்னாஸ்டிக் என்று அனுப்பி, நோயாளி தலையில் நூற்றுக்கணக்கான டாலரைக் கட்டிய காலம் ஒன்று இருந்தது. 2022 மே 31 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் தனியார் திட்ட ஆண்டுகளில், மலப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதால் செய்யும் கொலோனோஸ்கோப்பி ஸ்கிரீனிங்கின் தொடர்ச்சி. நோயாளிக்குப் பங்கு இல்லை. மெடிகேரும் 2023 முதல் அப்படியே கருதுகிறது. அங்கே சாதாரண ஆபத்துள்ளவருக்கான ஜி0121-க்கு 120 மாத இடைவெளி விதி உண்டு. பாசிட்டிவ் பரிசோதனைக்குப் பின் வந்தது என்று காட்டினால் அந்த விதி பொருந்தாது. காட்டுவது கேஎக்ஸ் மாடிஃபையர்.

கொலோனோஸ்கோப்பியின்போது பாலிப் (சிறு சதை வளர்ச்சி) எடுத்தால் கோடு மாறும். மெடிகேரில் அதற்கு பிடி மாடிஃபையர் சேர்க்க வேண்டும். நோயாளியின் பங்கு 2026 வரை 15 சதவீதம், 2027 முதல் 2029 வரை 10 சதவீதம், 2030 முதல் இல்லை. பிடி விடுபட்டால் டிடக்டபிளும் வழக்கமான 20 சதவீதமும் அவர் மேல் விழும். ஆகவே பில்லைப் பார்த்து அதிர்ந்து நோயாளி அழைத்தால், பணம் கட்டும் தவணையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கிளெய்மைத் திறந்து, மெடிகேர் என்றால் பிடியும் கேஎக்ஸும், தனியார் என்றால் 33-உம் தேவையான இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கணக்கை நிறுத்தி வையுங்கள், கலெக்‌ஷனுக்குப் போகாமல் குறிப்பு போடுங்கள், மெடிகேருக்கு ரீஓப்பனிங்கும் தனியார் காப்பீட்டுக்குத் திருத்திய கிளெய்மும் அன்றே அனுப்புங்கள்.